உள்ளே நுழைந்தால் பொருந்திவிட்டதா? துப்பாக்கியும் தோட்டாவும்: ஒரு பழைய கணக்கு

"அந்த ஆளுக்கு அவ்வளவு காலிபர் கிடையாதுப்பா." அலுவலகத்திலோ டீக்கடையிலோ இந்த வாக்கியத்தை எல்லாரும் கேட்டிருப்போம். தகுதி, சரக்கு, தரம் என்ற அர்த்தத்தில் சொல்கிறோம். ஆனால் காலிபர் என்பது துப்பாக்கிக் குழலின் உள்விட்டம். ஆளை அளக்க வருவதற்கு முன்னால் அது குழலை அளந்துகொண்டிருந்தது.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் அகராதிகள் அரபு மொழியின் 'காலிப்' என்ற சொல்லைக் காட்டுகின்றன. அச்சு, வார்ப்பு என்று பொருள். அதற்கும் பின்னால் ஒரு கிரேக்கச் சொல் இருக்கலாம் என்கிறார்கள். செருப்புத் தைப்பவர் உள்ளே வைத்துத் தைக்கும் மரக்கால் என்று அதற்கு அர்த்தம். எனக்கு இது ரொம்பப் பிடித்த தகவல். காலுக்குச் செருப்பு பொருந்துகிறதா என்பதும், குழலுக்குக் குண்டு பொருந்துகிறதா என்பதும் கடைசியில் ஒரே கேள்விதான். ஒரு வித்தியாசம், செருப்பு பொருந்தாவிட்டால் காலைக் கடிக்கும். தோட்டா பொருந்தாவிட்டால் கை போகும், கண் போகும், சில சமயம் ஆளே போவார்.

இந்தக் கட்டுரை அந்தப் பொருத்தத்தின் கதை. துப்பாக்கி வாங்கச் சொல்லித் தரும் கட்டுரை இல்லை, பயப்பட வேண்டாம்!

எடையால் அளந்த காலம்

நம்மில் பெரும்பாலானோர் பக்கத்தில் நின்று பார்த்த ஒரே துப்பாக்கி, வங்கி வாசலில் காவலாளி வைத்திருக்கும் இரட்டைக்குழல் துப்பாக்கியாகத்தான் இருக்கும். அது அநேகமாக '12 போர்'. அந்த 12 என்ன? அங்குலமா, மில்லிமீட்டரா?

இரண்டும் இல்லை. ஒரு பவுண்டு ஈயத்தை எடுத்துச் சமமான 12 உருண்டைகளாக வார்க்க வேண்டும். அதில் ஓர் உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாக அமருமோ, அது 12 போர். கணக்குப் போட்டால் ஓர் உருண்டை 37.8 கிராம், விட்டம் சுமார் 18.5 மி.மீ. அதே பவுண்டை 20 உருண்டைகளாக்கினால் ஒவ்வொன்றும் சிறியதாகும், 15.6 மி.மீ. ஆகவே 20 போர் என்பது 12 போரைவிடச் சிறிய துப்பாக்கி. எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். முதல்முறை கேட்கும் எல்லாரையும் குழப்பும் இந்தத் தலைகீழ்க் கணக்கு இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது.

பீரங்கியிலும் எடைக்கணக்குதான். 4 பவுண்டர், 32 பவுண்டர் என்பது அது சுடும் இரும்புக் குண்டின் எடை. இங்கே ஒரு சிக்கல். 32 பவுண்டு குண்டு, 4 பவுண்டு குண்டைப் போல எட்டு மடங்கு எடை. ஆனால் விட்டம் இரண்டே மடங்கு. எடை, விட்டத்தின் கனத்தைப் பொறுத்துக் கூடுகிறது. போர்க்களத்தில் நிற்கும் பீரங்கிக்காரன் கனமூலம் கண்டுபிடித்துக்கொண்டிருக்க முடியுமா? குண்டு கல்லாக இருந்தால் ஒரு எடை, இரும்பானால் ஒன்று, ஈயமானால் ஒன்று. எதிரியிடம் கைப்பற்றிய குண்டு நம் பீரங்கிக்குள் போகுமா, போனால் எவ்வளவு மருந்து போடலாம்?

இதற்காகவே அளவுகோல்கள் வந்தன. நியூரம்பெர்க்கின் கியோர்க் ஹார்ட்மன் 1540 வாக்கில் அப்படி ஒரு கோலைச் செய்ததாக வழக்கமாகச் சொல்வார்கள். கலிலியோவும் இந்தத் தொழிலில் இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. தொலைநோக்கியை வானத்துக்குத் திருப்புவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, பதுவாவில் கணிதம் சொல்லிக் கொடுத்த காலத்தில், 'ராணுவ வடிவியல் கவராயம்' என்று ஒன்றைச் செய்து விற்றார். 1606-இல் அதற்கு ஒரு பயன்பாட்டுக் கையேடும் அச்சிட்டார். கணக்குத் தெரியாத சிப்பாயும் அதன் கால்களை விரித்து வைத்துக் குண்டின் பொருளுக்கும் அளவுக்கும் ஏற்ப விடையைப் படித்துக்கொள்ளலாம். தவறான குண்டைத் தவறான குழலில் போடாமல் இருப்பது அன்றைக்கே கணிதப் பேராசிரியருக்கு வருமானம் தரும் பிரச்சனையாக இருந்திருக்கிறது.

இடைவெளி என்ற பாதுகாப்பு

குண்டும் குழலும் அச்சாக ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றும். அன்றைய சிப்பாய்க்கு அது தற்கொலை. கரிமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் புகையும் கசடுமாகத்தான் மிஞ்சும். பத்து முறை சுட்டால் குழலின் உள்சுவரில் கசடு படிந்து வழி குறுகிவிடும். அச்சாகப் பொருந்தும் குண்டு பதினோராவது முறை பாதியில் சிக்கிக்கொள்ளும். குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே இடம் விட்டுச் சுட்டால் குழல் வெடிக்கலாம்.

அதனால் வேண்டுமென்றே இடைவெளி விட்டார்கள். ஆங்கிலேயரின் 'பிரவுன் பெஸ்' துப்பாக்கியின் குழல் சுமார் 0.75 அங்குலம், குண்டு 0.69 அங்குலம். பிரெஞ்சுக்காரரின் 'ஷார்ல்வில்' துப்பாக்கியில் குழலே 0.69 அங்குலம், குண்டு அதைவிடச் சின்னது. இதிலிருந்து ஒரு விசித்திரம் பிறந்தது. பிரெஞ்சுத் தோட்டாவை ஆங்கிலேயத் துப்பாக்கியில் போட்டுச் சுட்டுவிடலாம். லொடலொடவென்று போகும், குறி தவறும், ஆனால் சுடும். ஆங்கிலேயக் குண்டு பிரெஞ்சுத் துப்பாக்கிக்குள் இறங்காது.

இடைவெளிக்கு விலை உண்டு. வெடித்த வாயுவில் ஒரு பங்கு குண்டைத் தள்ளாமல் ஓரமாகத் தப்பிப் போகும். குண்டு குழலுக்குள் இடமும் வலமுமாக மோதிக்கொண்டே வெளியே வரும். கடைசியாக எந்தப் பக்கம் மோதியதோ அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பும்.

இதை ஆராய்ந்தவர் பெஞ்சமின் ராபின்ஸ். 1742-இல் அவர் எழுதிய 'நியூ பிரின்சிபிள்ஸ் ஆஃப் கன்னரி' என்ற நூல்தான் துப்பாக்கியியலை அறிவியலாக்கியது. மூன்றே வருடத்தில் மாமேதை ஆய்லர் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். குண்டுக்கும் குழலுக்கும் நடுவே தேவைக்கு மேல் இடம் விடுவது மருந்தை வீணாக்குவது என்பது ராபின்ஸின் கட்சி. சரி, இவர் எங்கே இறந்தார் தெரியுமா? நம் கடலூரில். கிழக்கிந்தியக் கம்பெனி அவரைத் தலைமைப் பொறியாளராக அனுப்பியது. சென்னைக்கும் செயின்ட் டேவிட் கோட்டைக்கும் பாதுகாப்பு வேலை செய்ய வந்தவர், காய்ச்சலில் விழுந்து 1751 ஜூலையில் அந்தக் கோட்டையிலேயே இறந்துபோனார். வயது 44. தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

1857: இடைவெளியை அடைத்த காகிதம்

அடுத்த நூறு ஆண்டில் வரித்துப்பாக்கி வந்தது. குழலுக்குள் திருகுபோல வரிகள் வெட்டியிருக்கும். குண்டு அந்த வரிகளைப் பற்றிச் சுழன்றால்தான் நேராகப் போகும். பற்ற வேண்டுமென்றால் இறுக்கமாக இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் வாய் வழியாக இடித்து இறக்க முடியாது. இந்த முடிச்சை அவிழ்த்தவர் பிரெஞ்சுக்காரர் மினியே. 1849-இல் அவர் செய்த குண்டின் அடிப்பாகம் குழிவாக இருக்கும். இறங்கும்போது குழலைவிடச் சின்னது, வெடிக்கும்போது அடி விரிந்து வரிகளைப் பற்றிக்கொள்ளும்.

அதன் ஆங்கிலேய வாரிசுதான் 1853 மாதிரி என்ஃபீல்டு. குழல் 0.577 அங்குலம். குண்டு 0.568 அங்குலம். நடுவே இருந்த மயிரிழை இடைவெளியை அடைத்தது எது? தோட்டாவின் காகிதமும் அதில் தடவிய கொழுப்பும்தான்.

பழைய மஸ்கட் துப்பாக்கியில் காகிதம் வெறும் பொட்டலம். என்ஃபீல்டில் அது துப்பாக்கியின் ஓர் உறுப்பு மாதிரி. சிப்பாய் மருந்து இருக்கும் முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, தோட்டாவைத் தலைகீழாகத் திருப்பி, கொழுப்புத் தடவிய காகிதத்தோடு சேர்த்துக் குண்டை உள்ளே தள்ள வேண்டும். கொழுப்பு இல்லாவிட்டால் குண்டு இறங்காது, கசடும் இளகாது.

என்ன கொழுப்பு என்பதுதான் கேள்வி. மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்ற பேச்சு 1857 ஜனவரியில் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டமில் கிளம்பியது. புதுத் துப்பாக்கிக்குப் பயிற்சி கொடுத்த இடங்களில் அதுவும் ஒன்று. நீங்களே வேறு கொழுப்பு தடவிக்கொள்ளுங்கள் என்று அரசு சொல்லிப் பார்த்தது. சந்தேகம் கொழுப்பிலிருந்து பளபளப்பான காகிதத்துக்குத் தாவியது. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 85 குதிரைப்படை வீரர்கள் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். அன்று அவர்களுக்குக் கொடுத்தது என்ஃபீல்டு தோட்டாவே இல்லை, அவர்கள் எப்போதும் பயன்படுத்திய பழைய தோட்டா! ஆனால் அதற்குள் நம்பிக்கை போய்விட்டிருந்தது. மே 9 அன்று அவர்களுக்கு விலங்கு பூட்டினார்கள். மே 10 அன்று மீரட் பற்றி எரிந்தது.

1857-க்கு நிலம், சம்பளம், ராஜ்ய இணைப்பு என்று ஆழமான காரணங்கள் உண்டு. கொழுப்பு மட்டுமே காரணம் என்று சொன்னால் அது பள்ளிக்கூட வரலாறு. ஆனாலும் ஒரு பொறியியல் தேவை, அதாவது குழலுக்கும் குண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை எதையாவது வைத்து அடைக்க வேண்டும் என்பது, சிப்பாயின் பல்லிடுக்கு வரை வந்து நின்றது. பொருத்தத்தை லண்டனில் கணக்குப் போட்டவர்கள் குழலை அளந்தார்கள், குண்டை அளந்தார்கள். கடிக்கப்போகும் வாய் யாருடையது என்று யோசிக்கவில்லை. பிற்பாடு ஆங்கிலேயர் அந்தக் குண்டின் விட்டத்தையே 0.55 அங்குலமாகக் குறைத்தார்கள். இந்திய வெயிலில், கசடு படிந்த குழலில், 0.568 கொழுப்போடுகூடச் சரியாக இறங்கவில்லை.

அளவு பெயரான கதை

பித்தளைத் தோட்டா வந்ததும் வாய் வழியாக இடிக்கும் காலம் முடிந்தது. குண்டு, மருந்து, தீப்பொறி மூன்றும் ஒரே கூட்டில். இடைவெளிப் பிரச்சனை தீர்ந்தது. புதுப் பிரச்சனை ஆரம்பித்தது: பெயர்.

மார்ட்டினி ஹென்றி என்ற 1871-ஆம் ஆண்டுத் துப்பாக்கியின் தோட்டாவுக்கு .577/450 என்று பெயர். .577 தோட்டாவின் கழுத்தை நெரித்து .450 குண்டு வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இது பரவாயில்லை, பெயரிலேயே கதை இருக்கிறது. அடுத்து நம் போலீஸ் ஸ்டேஷன்களில் பல தலைமுறை பார்த்த 'த்ரீ நாட் த்ரீ'. 1888-இல் வந்தது. .303 என்பது வரிகளின் மேட்டுக்கு மேடு அளந்த குழல் விட்டம். உள்ளே போகும் குண்டு அதைவிடப் பெரியது, சுமார் .311 அங்குலம். வரிகளுக்குள் அழுந்திப் பிடிக்க வேண்டும் அல்லவா? அமெரிக்க .38 ஸ்பெஷலின் குண்டு .357 அங்குலம்தான். யானை வேட்டைக்குப் புகழ்பெற்ற .470-இன் குண்டு .475.

அதாவது எண்ணைப் பார்த்தால் அளவு மாதிரி இருக்கும். உண்மையில் அது பெயர். மனிதர்களுக்கு ராமசாமி என்று பெயர் வைப்பது போல.

அந்த .470 பிறந்ததிலும் இந்தியாவுக்குப் பங்கு உண்டு. மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிகள் ஏராளமாக அரசுக்கு எதிரானவர்கள் கைகளில் இருந்தன. வேட்டைக்கு வரும் .450 தோட்டாவிலிருந்து குண்டைப் பிடுங்கி அதில் பயன்படுத்திவிடுவார்கள் என்ற பயத்தில், 1907-இல் இந்தியாவிலும் சூடானிலும் அந்தக் காலிபருக்குத் தடை போட்டார்கள். புலி வேட்டை மகாராஜாக்களும் துரைமார்களும்தான் லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகளுக்குப் பெரிய வாடிக்கையாளர்கள். சும்மா இருப்பார்களா? .465, .470, .475, .476 என்று ஆளுக்கொரு புது எண்ணோடு வந்தார்கள். ஒன்றுக்கொன்று பக்கத்தில் உள்ள இத்தனை எண்கள் வரக் காரணம் ஒரு சட்டம். ஒன்றின் தோட்டா இன்னொன்றுக்கு ஆகாது.

.303-உம் ராணுவத்தின் தோட்டா என்பதால் சாதாரண ஆட்களுக்குக் கிடையாது. அதனால் இந்தியாவில் உரிமம் வாங்கியவர்களுக்கு .315 என்ற வேறு காலிபர் வந்தது. பழைய ஆஸ்திரிய 8 மி.மீ. தோட்டாவின் வழிவந்தது அது. பர்மிங்காமின் பி.எஸ்.ஏ. கம்பெனி செய்தது, பிறகு நம் அரசுத் தொழிற்சாலைகளும் செய்தன. வெளியிலிருந்து பார்த்தால் அது .303-இன் உடன்பிறப்பு மாதிரியே இருக்கும். இங்கே பொருந்தாமல் இருப்பதுதான் அதன் நோக்கமே. ராணுவக் கிடங்கில் திருடிய தோட்டா ஊரில் இருக்கும் துப்பாக்கியில் ஓடக்கூடாது.

ஒரு எழுத்து வித்தியாசம்

ஜெர்மனியின் கதை இன்னும் ஆபத்தானது. 1888-இல் அவர்கள் ஏற்றுக்கொண்ட 8×57 தோட்டாவின் குண்டு 8.08 மி.மீ., உருண்டை மூக்கு. 1905 வாக்கில் கூர்மூக்குக் குண்டுக்கு மாறினார்கள். அதன் விட்டம் 8.20 மி.மீ. வித்தியாசம் 0.12 மி.மீ., ஒன்றிரண்டு தலைமுடிக் கனம். பித்தளைக் கூடு அதே அளவு. ஆகவே புதுத் தோட்டா பழைய துப்பாக்கிக்குள் ஜம்மென்று போய் உட்காரும். ஆனால் குறுகிய பழைய குழலுக்குள், அதிக வேகத்துக்காகச் செய்த புது மருந்தின் உந்தலில், பெரிய குண்டு நெரித்துக்கொண்டு போக வேண்டும். அழுத்தம் எகிறும்.

மாற்றிச் சரிசெய்த பழைய துப்பாக்கிகளில் 'எஸ்' என்று முத்திரை குத்தினார்கள். தோட்டாவின் பெயரிலும் பழையதற்கு 'ஐ', புதியதற்கு 'ஐஎஸ்'. அந்த 'ஐ' என்பது காலாட்படையைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. ஜெர்மானிய எழுத்துருவில் அது 'ஜே' போலத் தெரிந்ததால் உலகம் இன்றுவரை அதை 'ஜே' என்றே படிக்கிறது. இரண்டு உலகப் போர்களுக்குப் பிறகு இந்தத் துப்பாக்கிகள் உலகமெங்கும் சிதறின. யார் வீட்டுப் பரணில் எது இருக்கிறது என்று தெரியாத அமெரிக்கத் தோட்டாக் கம்பெனிகள் ஒரு முடிவெடுத்தன. '8 மி.மீ. மௌசர்' என்று விற்கும் தோட்டாவில் மருந்தையே குறைத்துவிட்டன. தவறான துப்பாக்கியில் போட்டாலும் உயிர் தப்பட்டும் என்று. ஐரோப்பாவில் அதே தோட்டா முழு பலத்தோடு கிடைக்கும்.

பெயரும் அளவும் சரி, ஆனாலும்...

பெயர் ஒன்று, விட்டம் ஒன்று, நாடுகள் நட்பு நாடுகள். அப்போதாவது பொருந்துமா? 1915 ஏப்ரலில், பெல்ஜியத்தின் ஈப்ரில், கனடா வீரர்கள் இந்தக் கேள்விக்கு விலை கொடுத்தார்கள்.

கனடாவின் ராஸ் துப்பாக்கி .303 தான். போட்டிக் களத்தில் அருமையாகச் சுடும். தோட்டா உட்காரும் அறையை இறுக்கமாக வெட்டியிருந்ததும் அதற்கு ஒரு காரணம். கனடாவில் செய்த தோட்டா அதற்குச் சரி. போர்முனையில் கிடைத்ததோ ஆங்கிலேயத் தோட்டா. போர்க்கால அவசரத்தில் லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளியது, கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். ஆங்கிலேயர்களின் லீ என்ஃபீல்டு அறை தாராளமானது, அதை விழுங்கிக்கொள்ளும். ராஸ் விழுங்காது.

ஏப்ரல் 22 அன்று ஜெர்மானியர் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். அடுத்தடுத்த நாட்களில் நடந்த சண்டையில் ராஸ் துப்பாக்கிகள் சூடேறி, சேறு புகுந்து, தோட்டாக்கூடு அறையில் ஒட்டிக்கொண்டது. வீரர்கள் பூட்ஸ் காலால் உதைத்தும் மண்வெட்டிப் பிடியால் அடித்தும் திறந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ராஸைத் தூக்கிப் போட்டுவிட்டு, விழுந்து கிடந்த ஆங்கிலேயச் சிப்பாய்களின் லீ என்ஃபீல்டை எடுத்துக்கொண்டார்கள். தோட்டா மட்டுமே குற்றவாளி இல்லை, அந்தத் துப்பாக்கியின் பூட்டமைப்பிலும் கோளாறு இருந்தது. ஆனாலும் ஊரில் இருந்த அமைச்சர் சாம் ஹியூஸ் அதை விடாப்பிடியாக ஆதரித்தார். 1916-க்குள் ராஸ் விலக்கப்பட்டது, அதே ஆண்டு நவம்பரில் ஹியூஸின் பதவியும் போனது. குறிபார்த்துச் சுடும் தனிவீரர்கள் மட்டும் ராஸை வைத்துக்கொண்டார்கள். நல்ல தோட்டாவைத் தேர்ந்தெடுத்துப் போட அவர்களுக்கு நேரம் இருந்தது.

12-க்குள் 20

போர்க்களத்தை விட்டு வயல்வெளிக்கு வருவோம். வேட்டைத் துப்பாக்கிகளில் மிக மோசமான பொருத்தமின்மை எது தெரியுமா? பெரிய தோட்டா சின்னத் துப்பாக்கியில் போகாது, அதனால் ஆபத்தில்லை. சின்னத் தோட்டா பெரிய துப்பாக்கிக்குள் போவதுதான் ஆபத்து.

வீட்டில் 12 போரும் 20 போரும் இருக்கின்றன. ஒரே பையில் இரண்டு தோட்டாவும் கலந்துவிட்டன. அவசரத்தில் 20 போர் தோட்டாவை 12 போர் துப்பாக்கியில் போடுகிறார். அதன் அடி விளிம்பு 12 போரின் அறை வாயில் தங்காது, உள்ளே வழுக்கிப் போய்விடும். ஆனால் முழுசாக வெளியேயும் விழாது. அறை முடிந்து குழல் குறுகும் இடத்தில், ஓர் அடைப்பானைப் போலச் சிக்கிக்கொள்ளும். விசையை அழுத்துகிறார், 'டிக்' என்ற சத்தம், வெடிக்கவில்லை. திறந்து பார்க்கிறார், அறை காலி. "சே, தோட்டா போடவே மறந்துட்டேன்" என்று இப்போது ஒரு 12 போர் தோட்டாவைப் போடுகிறார். அது அழகாகப் பொருந்தும். அடுத்த அழுத்தலில் முன்னால் ஓர் அடைப்பு, அதுவும் மருந்து நிறைந்த அடைப்பு. சரியாக இடது கை பிடித்திருக்கும் இடத்தில் குழல் வெடிக்கும்.

இப்படிப் பல கைகள் போன பிறகுதான் அமெரிக்கத் தோட்டாத் தயாரிப்பாளர்கள் 20 போர் தோட்டா என்றால் மஞ்சள் நிறம் என்று வழக்கமாக்கினார்கள். வேறு போர்களுக்கு மஞ்சள் கூடாது. படிக்க நேரம் இல்லாத கைக்கும் நிறம் தெரியும். இந்தக் கட்டுரைக்காகப் படித்ததில் மிக எளிய, மிகப் பயனுள்ள ஏற்பாடு இதுதான் என்று எனக்குத் தோன்றியது.

12 போருக்குள்ளேயே இன்னொரு கண்ணி உண்டு: நீளம். பழைய துப்பாக்கிகளின் அறை 65 மி.மீ., பிற்காலத்தில் 70, 76 என்று நீண்டது. தோட்டாவின் பெட்டியில் போட்டிருப்பது சுட்ட பிறகு வாய் விரிந்த நீளம். சுடும் முன் வாய் மடிந்திருப்பதால் 70 மி.மீ. தோட்டா 65 மி.மீ. அறைக்குள்ளும் உட்கார்ந்துவிடும். சுடும்போது விரிய இடமில்லாமல் வழியை அடைக்கும், அழுத்தம் கூடும். தாத்தா காலத்து முறுக்குக்கம்பிக் குழல் துப்பாக்கியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அது கரிமருந்துக்காகச் செய்தது. புகையில்லா மருந்தின் அழுத்தம் அதன் குணத்துக்கே ஒத்துவராது.

வேண்டுமென்றே வளர்த்த தோட்டா

சிலர் முன்யோசனையோடும் இருந்தார்கள். 1935-இல் .357 மேக்னம் வந்தது. .38 ஸ்பெஷலின் அதே குண்டு விட்டம், அதே கூட்டு விட்டம், ஆனால் மிக அதிக அழுத்தம். பழைய .38 ரிவால்வரில் யாராவது இதைப் போட்டால்? அதற்காகக் கூட்டை மூன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு நீட்டினார்கள். நீண்ட தோட்டா பழைய ரிவால்வரின் உருளைக்குள் முழுசாக அமராது. .38 தோட்டாவை .357-இல் சுடலாம், தலைகீழாக முடியாது. எச்சரிக்கைப் பலகை எதுவும் தேவையில்லை, பித்தளையே "வேண்டாம்" என்று சொல்லிவிடும்.

நம் இஷாப்பூர் தொழிற்சாலையும் இதே மாதிரி யோசித்த இடம் ஒன்று உண்டு. 1960-களில் ராணுவம் 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாறியபோது, பழைய லீ என்ஃபீல்டு வடிவத்திலேயே அதற்கு ஒரு துப்பாக்கி செய்தார்கள், 2ஏ, 2ஏ1 என்ற பெயர்களில். பழைய .303-இல் குழலை மட்டும் மாற்றிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. புதுத் தோட்டாவின் அழுத்தம் கூடுதல் என்பதால், அதைத் தாங்க வேண்டிய உடல்பகுதிக்கு வலுவான எஃகைப் பயன்படுத்தினார்கள்.

குழலில் எழுதியிருப்பதைப் படிப்பது

இத்தனை விபத்துகளுக்கு நடுவே ஐரோப்பிய நகரங்கள் ஒரு நிறுவனத்தை வளர்த்தெடுத்தன: சோதனைச் சாலை. லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கத்துக்கு 1637-இல் அரச சாசனம் கிடைத்தது. பெல்ஜியத்தின் லீஜில் 1672-இல் ஆணை வந்தது. பர்மிங்காமுக்கு 1813-இல் தனிச் சட்டம். ஒவ்வொரு குழலிலும் வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டுச் சுட்டுப் பார்ப்பார்கள். தாங்கினால் முத்திரை, தாங்காவிட்டால் அங்கேயே உடைந்துவிடும், வாங்குபவன் கையில் உடையாது. 1914-இல் லீஜ் சோதனைச் சாலைதான் பல நாடுகளைக் கூட்டிப் பொது விதிகளுக்கு அடிபோட்டது. அமெரிக்காவில் 1926 முதல் தயாரிப்பாளர் சங்கமே தோட்டா அளவுகளையும் அழுத்தத்தையும் வரையறுக்கிறது.

அந்த முத்திரைகளைப் படிப்பது ஒரு தனி சுகம். 1875-க்குப் பிறகு சில ஆண்டுகள் சில ஆங்கிலேயக் குழல்களில் 'நாட் ஃபார் பால்' என்று பொறித்தார்கள். முனையைக் கொஞ்சம் குறுக்கிய குழல் அது, ரவை சுடலாம், முழுக் குண்டு போட்டால் வெளியே வரும் வழியில் வாய் பிளக்கும். பின்னாளில் புகையில்லா மருந்துக்குச் சோதித்ததற்குத் தனி முத்திரை வந்தது. இதில் எதுவும் அலங்காரம் இல்லை. ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் யாரோ ஒருவரின் விரல் இருக்கிறது.

இன்றைக்கும் விதி எளியது. குழலில் பொறித்திருக்கும் முழுப் பெயரும், தோட்டாவின் அடியிலும் பெட்டியிலும் இருக்கும் முழுப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். எண் மட்டும் ஒத்துப்போனால் போதாது. நீளம், கடைசி எழுத்து எல்லாம் ஒத்துப்போக வேண்டும். குழலில் எழுத்து அழிந்திருந்தால், அல்லது யாரோ மாற்றி வேலை பார்த்த துப்பாக்கி என்றால், தெரிந்த துப்பாக்கி மெக்கானிக் அளந்து சொல்லும் வரை சுடக்கூடாது. சத்தம் வராமல் போனால், அடுத்த தோட்டாவைத் தேடும் முன் குழலின் வழியை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முக்கியமாக, "உள்ளே போகுதே" என்பதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலே பார்த்த பல கதைகளில் தோட்டா உள்ளே போனது. போனதுதான் பிரச்சனையே.

மலைக்கிராமங்களில் கரிமருந்தும் பால்ரஸ் உருண்டையும் அடைத்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கிகள் பிடிபட்ட செய்தியை நாளிதழில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். அந்தக் குழலில் முத்திரை இல்லை, எண் இல்லை. யாரும் அதைச் சோதித்துச் சுட்டுப் பார்த்ததில்லை. அதைப் பிடித்திருக்கிறவர்தான் ஒவ்வொரு முறையும் சோதனைச் சாலை.

அடுத்த தடவை யாராவது "அவனுக்குக் காலிபர் இல்லை" என்று சொன்னால், எனக்கு ராஸ் துப்பாக்கிதான் ஞாபகம் வரும். அதற்குக் காலிபர் இருந்தது, சரியான .303. கிடைத்த தோட்டாதான் ஒத்துவரவில்லை.